கால் பிசகினால் உருவிவிடுவதா, நடக்க விடுவதா? தோட்டத் திடலில் காயங்களைக் குறைப்பது பற்றி

#1 திடல்பக்கம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் சாயங்கால வேளையில் பையன்களுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 13 வயதிலிருந்து 17 வரை உள்ளவர்கள். பாதிப் பேரின் அப்பாமார் செம்பனையில் குலை வெட்டுகிறவர்கள், மற்றவர்கள் ஈப்போவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள். தோட்டத்துப் பழைய திடல்தான். ஒரு கோல் பக்கம் பள்ளம், மழை பெய்தால் சேறு.

பொங்கல் போட்டி முடிந்ததிலிருந்து மூன்று பேர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அன்று ராத்திரியே பாட்டி சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினார்கள். விடிந்தபோது கால் இன்னும் பெரிதாக வீங்கியிருந்தது. இன்னொருவனுக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டது. அதே கால், போன வருடம் பிடித்த அதே இடம். மூன்றாவது பையனுக்கு எதிரணிக்காரனின் முட்டி முன்தொடையில் இடித்து இரத்தம் கட்டியிருக்கிறது.

கமிட்டியில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வலி ஸ்ப்ரே வாங்கலாம் என்று சிலர், முட்டிக்கு உறை வாங்கலாம் என்று சிலர். இதைப் பற்றி முறையாக ஆராய்ந்தவர்கள் என்ன கண்டிருக்கிறார்கள், அதில் நம்ம திடலில் எதைச் செய்ய முடியும் என்பதுதான் என் கேள்வி. இந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மாநில அணி வரை போகும் திறமை இருக்கிறது. அவர்கள் கால்களைக் காப்பாற்ற வேண்டும். தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

#2 பழைய கோல்கீப்பர்

தம்பி, நான் எழுபதுகளில் தோட்ட அணிக்குக் கோல் காத்தவன். அப்போது ஃபீசியோவும் இல்லை, எம்ஆர்ஐயும் இல்லை. கால் பிசகினால் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார். அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு இறங்கிவிடுவோம். உருவிவிடுவதைக் குறை சொல்லாதீர்கள். பின்தொடை பிடிப்பு என்று யாரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது பிள்ளைகள் உடம்பில் வலு இல்லை, அதுதான் விஷயம்.

#3 ஈப்போ ஃபீசியோ

வணக்கம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மா பால்மரம் சீவியவர். இப்போது ஈப்போவில் ஃபீசியோவாக இருக்கிறேன். கோல்கீப்பர் மாமா கடைசியில் சொன்ன வார்த்தைக்கு அப்புறம் வருகிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது. முதலில் கணுக்கால்.

பிசகிய காலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எலும்பு முறிந்திருக்கிறதா என்பது. இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1992இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து 6 செண்டிமீட்டர் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிப்பக்க நடுவில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேட்டையும், உள்பக்க நடுவில் இருக்கும் எலும்பையும் அப்படியே அழுத்துங்கள். இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் பிறகும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முறிவு இருப்பது மிக அரிது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் பகுதி மிருதுவாக இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே பக்கமே சாயுங்கள். அரசு கிளினிக்கில் செலவு குறைவுதான்.

இந்தச் சோதனை முடியும் முன்னே யாரும் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. முறிந்த எலும்பை இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முறிவு இல்லை, ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டதா? சரி. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, காலைத் தூக்கி வை. இதைப் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர், 1978இல். 2014இல் அதே மருத்துவர், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று எழுதினார். அடிபட்ட இடத்தில் வரும் வீக்கமும் சூடும் பழுது பார்க்கும் வேலையின் தொடக்கம். அதை முழுக்க அடக்கிவிடுவது நல்லதில்லை என்பது அவர் வாதம். 2019இல் கனடாவைச் சேர்ந்த பிளேஸ் டுபுவா, ழான் ஃபிரான்சுவா எஸ்குலியே என்ற இரு ஃபீசியோக்கள் வெளியிட்ட வழிமுறையில் ஐஸ் இடம்பெறவே இல்லை. முதல் ஓரிரு நாள் காலைக் காப்பாற்று, தூக்கி வை, கட்டுப்போடு. அதன் பிறகு மெல்ல மெல்லப் பாரம் கொடு, நடக்க வை, பயிற்சி செய். வலி தாங்காத பையனுக்குத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஐஸ் வைப்பதில் தப்பில்லை, வலி குறையும். ஜவ்வு அதனால் சீக்கிரம் கூடிவிடாது, அவ்வளவுதான்.

சீக்கிரம் அசைப்பது நல்லது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வட அயர்லாந்தில் கணுக்கால் பிசகிய 101 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கியது, மறு பிரிவு வழக்கமான ஓய்வு முறையில் இருந்தது. முதல் இரண்டு வாரமும் பயிற்சி செய்தவர்களின் கால்தான் நன்றாக வேலை செய்தது.

இதைவிட முக்கியம், மறுபடியும் பிசகாமல் பார்ப்பது. ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். காரணம், ஜவ்வுக்குள் இருக்கும் நரம்பு முனைகள்தான் பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும். பிசகும்போது அவையும் அடிபடுகின்றன. வீக்கம் வற்றிய பிறகும் அந்தத் தகவல் சரியாகப் போவதில்லை. நெதர்லாந்தில் 2009இல் வெளியான ஆய்வில், கால் பிசகிக் குணமான 522 விளையாட்டாளர்களில் ஒரு பாதிக்கு 8 வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மறுபடி பிசகியவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காடு, செய்யாதவர்களில் 33 விழுக்காடு. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் சுலபமானதும் மடித்த தலையணை மேல் நின்று பந்து பிடிக்க வேண்டும். ஒரு காசு செலவில்லை.

#4 பழைய கோல்கீப்பர்

அம்மா, நீங்கள் படித்தவர், நான் மறுக்கவில்லை. ஆனால் உருவிவிட்ட பிறகு எங்களுக்குக் கால் இலேசாக இருந்ததே, அது பொய்யா?

#5 ஈப்போ ஃபீசியோ

பொய்யே இல்லை மாமா. உருவிவிட்டால் வலி குறையும், தசை இறுக்கம் தளரும். நானும் என் கிளினிக்கில் கையால்தான் வேலை செய்கிறேன். நான் பயப்படுவது முதல் இரண்டு மூன்று நாளைப் பற்றி. உள்ளே சின்ன இரத்தக் குழாய்கள் கிழிந்திருக்கும்போது அழுத்தி உருவினால் கசிவு கூடும். தம்பியின் பையனுக்கு விடிந்ததும் வீக்கம் பெரிதானது அதனாலும் இருக்கலாம். ஒரு வாரம் கழித்து மென்மையாகத் தடவுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. கூடவே பயிற்சியும் நடக்க வேண்டும்.

ஆனால் மூன்றாவது பையனின் முன்தொடை வேறு கதை, தம்பி கவனமாகப் படியுங்கள். முட்டி இடித்து ஆழமாக இரத்தம் கட்டிய தொடைத் தசையை ஆரம்பத்தில் பலமாகத் தேய்த்தால், கட்டிய இரத்தத்துக்குள் எலும்பு வளரக் கூடும். தசைக்குள்ளேயே எலும்பு! அப்படி ஆகிவிட்டால் முட்டியை மடக்க மாதக்கணக்கில் சிரமப்படுவான். சூடு வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், எண்ணெய்க்காரரிடம் கூட்டிப்போகாதீர்கள். இந்த அடி பட்ட உடனே செய்ய வேண்டியது, முட்டியை வலி தாங்கும் மட்டும் மடக்கி, அந்த நிலையிலேயே கட்டி வைப்பது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் அடிபட்ட சில நிமிடங்களுக்குள் முட்டியை 120 பாகைக்கு மடக்கி ஒரு நாள் கட்டி வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் சில நாளிலேயே மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்கள். உங்கள் பையனுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. வலியில்லாத அளவுக்கு முட்டியை மடக்கி நீட்டட்டும். தொடை கெட்டியாகிக்கொண்டே போனால், அல்லது மடக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நீங்கள் சொன்ன வலு. உங்கள் காலத்து ஆள்கள் என்ன செய்தார்கள் மாமா? விடியும் முன்னே எழுந்து, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி மரம் மரமாகக் குனிந்து சீவி, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். சாயங்காலம் திடலுக்கு வந்தபோது அந்தக் கால்கள் ஏற்கெனவே பயிற்சி முடித்தவை. இப்போதுள்ள பையன் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறான், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான், டியூஷனில் உட்கார்ந்திருக்கிறான், நேரே வந்து முழு வேகத்தில் ஓடுகிறான். டென்மார்க் ஆய்வாளர்கள் 2014இல் 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 26,000க்கும் மேற்பட்டவர்கள் அதில் அடக்கம். தசை வலுப்பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. தசையை நீட்டி இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே நீங்கள் சொன்னதைத்தான் ஆராய்ச்சியும் சொல்கிறது. தோட்ட வேலை தானாகக் கொடுத்த வலுவை இனி நாம் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

#6 தமிழ்ப்பள்ளி சார்

குறுக்கிடுகிறேன். நான் ஆரம்பப் பள்ளியில் உடற்கல்வி எடுக்கிறேன். ஓட்டத்துக்கு முன்னே பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணி, குனிந்து கால் விரலைத் தொட வைக்கிறோம். அது வீண் என்கிறீர்களா?

#7 ஈப்போ ஃபீசியோ

கெடுதல் இல்லை சார், ஆனால் காயத்தைத் தடுக்கும் என்று நம்பி அதிலேயே பத்து நிமிடத்தைச் செலவழித்தால் அந்த நேரம் போச்சு. ஆஸ்திரேலியாவில் இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்த பாதிக்கும் செய்யாத பாதிக்கும் காயத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

அதற்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு ஃபிஃபா ஒரு பயிற்சித் தொகுப்பை வைத்திருக்கிறது, பெயர் 11+. ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையமும் நார்வேயின் ஒஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையமும் அமெரிக்காவின் சாந்தா மோனிகாவில் உள்ள ஓர் அமைப்பும் சேர்ந்து 2006இல் உருவாக்கியது. மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிடம். முதல் 8 நிமிடம் மெதுவாக ஓடிக்கொண்டே இடுப்பைத் திறந்து மூடுவது, பக்கவாட்டில் ஓடுவது, தோளோடு தோள் மோதிக் குதிப்பது. அடுத்த 10 நிமிடம் வலு, சமநிலை, குதித்து இறங்குவது. கடைசி 2 நிமிடம் வேகமாக ஓடி வெட்டித் திரும்புவது. நடுப் பகுதிக்கு மூன்று படிநிலை உண்டு, ஒன்று பழகியதும் அடுத்ததுக்குப் போகலாம்.

நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண் பிள்ளைகளிடம் ஒரு பருவம் முழுக்கச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் பாதியளவு குறைந்தன. அது குளிர் நாடு, நல்ல திடல், நமக்கு ஒத்து வருமா என்று கேட்பீர்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 14 முதல் 19 வயதுப் பையன்களின் லீக்கில் ஆறு மாதம் சோதித்தார்கள். நம்மைப்போல வெக்கை அடிக்கும் ஊர்தான் அது. 2014இல் வந்த முடிவு: மொத்தக் காயங்கள் 41 விழுக்காடு குறைந்தன.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத் தனித் தொகுப்பே இருக்கிறது சார், 7 முதல் 13 வயதுக்கானது. விழும்போது எப்படி உருண்டு விழ வேண்டும் என்பதையும் அதில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் நாடு ஆகிய நான்கிலும் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது, காயங்கள் 48 விழுக்காடு குறைந்தன. படங்களும் வீடியோவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்கிற அணிக்குத்தான் பலன். ஒரு மாதம் செய்துவிட்டு, போட்டி நெருங்கியதும் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். கோச் தானே நின்று நடத்தினால் நடக்கும், பையன்களிடம் விட்டால் நடக்காது.

#8 குலைவெட்டு 28

அண்ணே, அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். நான் பகலில் செம்பனையில் வெட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வருடத்துக்கு ஒரு தடவையாவது பின்தொடை கிழிந்துவிடுகிறது. வேலைக்குப் போகவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவேன். இப்போது ஒரு நண்பர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற ஜாமு என்ற மூலிகை மருந்து ஒன்று வாங்கிக் கொடுத்தார், இரண்டு நாளில் வலியே இல்லை. தொடர்ந்து சாப்பிடலாமா?

#9 ஈப்போ ஃபீசியோ

தம்பி, இதை மட்டும் தள்ளிப்போடாதே. வலியை இரண்டே நாளில் துடைத்து எடுக்கிற ஜாமு, மூட்டுவலிக் காப்பி போன்றவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியை மறைக்குமே தவிர, கிழிந்த தசை கிழிந்தபடிதான் இருக்கும். நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் வீங்கும். பல வாரமாகச் சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டு. பாக்கெட்டில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்.

நம் நாட்டுப் பூப்பந்து வீரர் டத்தோ லீ சொங் வெய் 2014இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியது இதே மருந்தில்தான். மூலிகை மாத்திரையின் உறை வழியாக உடம்பில் ஏறியதாக அவர் தரப்பில் சொன்னார்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. அப்படியும் எட்டு மாதத் தடை. மாநில அணிக்குப் போக நினைக்கிற பிள்ளைகளின் வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள் திடல்பக்கம் தம்பி.

இப்போது பின்தொடை. முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசப்பட்ட காலை பிரேக் போட்டு நிறுத்துவது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிற அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. ஆகவே நீண்டுகொண்டே வேலை செய்ய அதைப் பழக்க வேண்டும். இதற்கு நோர்டிக் என்று ஒரு பயிற்சி. முட்டிக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டு மண்டியிடு. ஒருவர் பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை நேராக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னே சாய். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றித் தரையில் விழு. கையால் தள்ளி எழுந்திரு. அவ்வளவுதான்.

டென்மார்க்கில் 50 அணிகளிடம் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் 15, செய்யாத அணிகளில் 52. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தவர்களுக்குத்தான் பலன் இன்னும் அதிகம். அவர்கள் போட்ட கணக்கு: முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறாறாக இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், மூன்று சுற்று, எண்ணிக்கையை மெல்லக் கூட்டிப் பத்து வாரம். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். முதல் வாரத்திலேயே வீரம் காட்டி முப்பது செய்தால் மறுநாள் படியேற முடியாது, குலை வெட்டவும் முடியாது. அப்படி வலித்துத்தான் பாதிப் பேர் இந்தப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

கிழிந்த புண் ஆறாமல் இதைத் தொடங்காதே. வலியில்லாமல் வேகமாக நடந்து, மெதுவாக ஓட முடிந்த பிறகு ஆரம்பி.

#10 வலைப்பந்து அம்மா

என் மகளுக்கு 17 வயது, பள்ளி வலைப்பந்து அணியில் இருந்தாள். பந்தைப் பிடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டிக்குள்ளே டப் என்று சத்தம். யாரும் இடிக்கவே இல்லை. முன் ஜவ்வு அறுந்துவிட்டது என்று எம்ஆர்ஐயில் சொல்கிறார்கள். ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை என்கிறார், இன்னொருவர் காத்திருந்து பார்க்கலாம் என்கிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்ன செலவைக் கேட்டு இரவெல்லாம் தூக்கம் இல்லை. என் பிள்ளை இனி ஓடவே மாட்டாளா என்று நினைத்தாலே அழுகை வருகிறது.

#11 ஈப்போ ஃபீசியோ

அக்கா, முதலில் ஒன்று: ஓடுவாள். இந்த ஜவ்வு அறுந்தவர்களில் பலர் மறுபடி ஓடுகிறார்கள்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்வீடனில் 2010இல் வெளியான ஆய்வில் ஜவ்வு அறுந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை, கூடவே பயிற்சி. மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், முட்டி நிலைகொள்ளாமல் போனால் பிறகு அறுவை சிகிச்சை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டாம் பிரிவில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை, முட்டியின் நிலையிலும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவர்கள் 18 முதல் 35 வயதுக்காரர்கள், உயர்மட்டத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லை. உங்கள் மகள் வலைப்பந்துக்கே திரும்ப வேண்டும் என்றால், அது வெட்டித் திரும்பும் ஆட்டம், மருத்துவர்கள் அறுவை சிகிச்சை பக்கம் சாய்வது இயல்பு. முட்டிக்குள் இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறதா, நடக்கும்போது முட்டி விலகுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அந்தப் பதிலைப் பொறுத்து முடிவு மாறும்.

எது செய்தாலும் இன்றிலிருந்தே ஃபீசியோவைத் தொடங்குங்கள். அறுவைக்கு முன் தொடைத் தசை பலமாக இருப்பவர்கள் பின்னாலும் நன்றாகத் தேறுகிறார்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போனால் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது. காத்திருக்க வேண்டி வரும், அந்த நேரம் பயிற்சிக்கு உதவும்.

அறுவை செய்தால் பள்ளிப் போட்டி வருகிறது என்று ஆறாம் மாதத்தில் இறக்கிவிடாதீர்கள். நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்டதில், ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் அபாயம் ஏறக்குறைய பாதியாகிக்கொண்டே வந்தது. இரண்டு தொடையின் வலுவும் ஏறக்குறையச் சமமான பிறகே களம்.

அவளுடைய அணித் தோழிகளுக்கும் இது கேட்க வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடினாலும் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு அறுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்வதைக் கவனித்துத் திருத்தி, இடுப்பையும் தொடையையும் வலுவாக்கும் பயிற்சிகள் இந்தக் காயத்தைப் பாதியளவு குறைக்கின்றன. பள்ளி அணிக்கு அந்த 20 நிமிடத்தை யாராவது கேட்டு வாங்கித் தர வேண்டும். நீங்களே பெற்றோர் சங்கத்தில் கேளுங்கள் அக்கா.

#12 தமிழ்ப்பள்ளி சார்

பெற்றோர் சங்கம் என்றதும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சில வீடுகளில் பிள்ளையைப் பள்ளி அணி, கிளப் அணி, அகாடமி என்று மூன்று இடத்துக்கு அனுப்புகிறார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலியோடு ஓடுகிற பையன்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அப்பா, அம்மா கேட்பதில்லை.

#13 ஈப்போ ஃபீசியோ

அது எலும்பு வேகமாக வளரும் வயதில் தசைநார் இழுப்பதால் வருவது, பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் சரியாகிவிடும். ஆட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டாம், அளவைக் குறைக்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது சார். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விளையாட்டாளர்களைப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள்: வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் முறையான பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்குக் கடுமையான மிகைப்பயிற்சிக் காயம் அதிகம். 12 வயது என்றால் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்குள். மூன்று அணியையும் கூட்டிச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

#14 பழைய கோல்கீப்பர்

தலையில் அடிபட்டால் என்னம்மா? கோல் கம்பத்தில் மோதி எழுந்து ஆடியவன் நான், அதனால் கேட்கிறேன்.

#15 ஈப்போ ஃபீசியோ

மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டம் முடிந்தது மாமா, இறுதி ஆட்டமாக இருந்தாலும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்கள் சொன்னபடி முதல் ஒன்றிரண்டு நாள் இளைப்பாறல், கைப்பேசித் திரையும் குறைவாக. அதன் பிறகு இருட்டறையில் படுக்க வைக்காமல் மெதுவாக நடக்க விட வேண்டும். படிப்படியாக ஏற்றி, மருத்துவர் பார்த்த பிறகே ஆட்டம். தலைவலி கூடினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், குழம்பிப் பேசினால், வலிப்பு வந்தால் அவசரப் பிரிவு.

வெயிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற பிள்ளை தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, உடம்பு கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, வரும் வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை இறக்குவது முதல் வழி. தொட்டி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றி, ஈரத் துண்டால் மூடி மூடி மாற்றி, விசிறுங்கள். வண்டியில் ஏற்றி ஈப்போ போய்ச் சேர்ந்த பிறகு குளிர்விக்கலாம் என்று விட்டால் அந்த அரை மணி நேரத்தில் உயிரே போகக் கூடும். கமிட்டிப் பணத்தில் ஐஸ் பெட்டியும் ஒரு பெரிய தொட்டியும் வாங்குங்கள். ஸ்ப்ரேயை விட அது எவ்வளவோ மேல்.

#16 திடல்பக்கம்

அக்கா, மாமா, சார், எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கணுக்கால் பையன் நான்கு அடி நடக்கிறான், எலும்பில் வலி இல்லை. இருந்தாலும் நாளை கிளினிக்கில் காட்டுகிறோம். பாட்டியிடமும் பேசினேன், ஒரு வாரம் கழித்து மென்மையாகத் தடவ மட்டும் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். செவ்வாய், வியாழன் பயிற்சியில் முதல் 20 நிமிடத்தை 11+ க்கு ஒதுக்குகிறேன். தொட்டி வாங்கவும் கமிட்டி சம்மதித்தது.

பலன் இருக்கிறதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? கமிட்டியில் கேட்பார்கள்.

#17 ஈப்போ ஃபீசியோ

நல்ல கேள்வி தம்பி. நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லம் வான் மெக்கலன் 1992இல் காயத் தடுப்புக்கு நான்கு படி சொன்னார். எத்தனை காயம், எவ்வளவு கடுமை என்று எண்ணுவது முதல் படி. ஏன் வருகிறது என்று பார்ப்பது இரண்டாவது. தடுப்பு முறையைப் புகுத்துவது மூன்றாவது. மறுபடி எண்ணிப் பார்ப்பது நான்காவது. முதல் படியைச் செய்யாமல் நான்காவது வராது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பையனின் வயது, தேதி, எந்த இடத்தில் அடி, இடித்ததாலா தானாகவா, பயிற்சியிலா ஆட்டத்திலா, பழைய காயமா புதிதா, எத்தனை நாள் ஆடவில்லை. பக்கத்தில் அன்றன்று எத்தனை பேர் எத்தனை நேரம் ஆடினார்கள் என்பதையும் குறியுங்கள். அது இல்லாவிட்டால் மழையில் ஆட்டம் குறைந்ததைப் பார்த்துக் காயம் குறைந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

#18 பழைய கோல்கீப்பர்

நோட்டு எழுதுகிற வேலையை என்னிடம் கொடுங்கள் தம்பி. தினமும் சாயங்காலம் திடலில்தான் இருக்கிறேன். நோர்டிக் செய்யும்போது கணுக்காலைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமே, அதையும் செய்கிறேன். முன்தொடை அடிபட்ட பையனை நாளைக்கு நானே வண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன், அவன் அப்பாவுக்கு வெட்டு இருக்கிறது.

#19 ஈப்போ ஃபீசியோ

ரொம்ப நல்லது மாமா. வரும் சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன், முதல் தடவை 11+ நடத்திக் காட்டுகிறேன். சாக்கு நாலைந்து எடுத்து வையுங்கள். வலைப்பந்து அம்மா, மகளையும் கூட்டி வாருங்கள், முட்டியைப் பார்க்கிறேன்.